வாளை வரைந்தனர், வடுவை மறைத்தனர்!

போர் என்ற சொல் காதில் விழுந்ததும் கண்முன் எழுவது எது? பாயும் பரி! பிளிறும் களிறு! பளபளக்கும் வாள்! படபடக்கும் கொடி! எரிந்த கூரை எழுவதில்லை. கஞ்சிக் கலயம் ஏந்தி வரிசையில் நிற்கும் கிழவி எழுவதில்லை. களம் சென்ற கணவன் திரும்பாத வீட்டில், விளக்குக்கு எண்ணெயின்றி இருட்டிலே பிள்ளையைத் தூங்கவைக்கும் தாய் எழுவதில்லை. ஏன்? அவர்களை நமக்கு வரைந்து காட்டியவர் மிகச் சிலர். காட்டாததைக் கண் எப்படிக் காணும்?

மனிதன் தானாகக் காண்பது சிறிது. பிறர் காட்டக் காண்பதே பெரிது. கோயிற் சுவரும் அரண்மனைச் சுவரும், நாட்காட்டிப் படமும் திரைப்படத் தட்டியும், பாடநூலின் பக்கமும் கூடி நமக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றே: போர் என்றால் வெற்றி, வெற்றி என்றால் அழகு! பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தொழில் என்னுடையது. "போர்க் காட்சி ஒன்று வரையுங்கள்" என்று தாளைக் கொடுத்தால் குதிரை வருகிறது, கோட்டை வருகிறது, இப்போது பீரங்கி வண்டியும் போர் விமானமும் வருகின்றன. வீடு வருவதில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பெரியவர்கள் ஆயிரம் ஆண்டாய் எதை வரைந்தார்களோ, அதையே அவர்களும் வரைகிறார்கள்.

"அந்தக் காலத்து ஓவியன் அப்படித்தான் வரைவான். போரின் கொடுமையை வரைவது பிற்காலத்து வழக்கம், அதுவும் மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம்" என்று கூறி நழுவுவோர் உண்டு. காலத்தின் தலையில் பழியைச் சுமத்துவது எளிது. காலத்துக்கு வாயில்லை, மறுத்துப் பேசாது! நான் மறுக்கிறேன். ஓவியன் எந்த நூற்றாண்டில் பிறந்தான் என்பதைவிட, எங்கே நின்று பார்த்தான் என்பதே பெரிது. யானைமேல் அமர்ந்து பார்த்தவன் கண்ணுக்குப் படை தெரியும். மண்ணிலே நின்று பார்த்தவன் கண்ணுக்குப் பிணம் தெரியும். இதோ சான்றுகள். தீர்ப்பு உங்களுடையது, தோழர்களே!

மன்னன் சுவரில்...

காஞ்சிபுரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் எழுப்பியது. சுற்றுச் சுவர் நெடுகப் பல்லவர் வரலாறு புடைப்புச் சிற்பமாய் ஓடுகிறது. முடிசூட்டு விழா, அரசவை, படையெடுப்பு, மறுபடியும் முடிசூட்டு விழா! கல்லில் கதை சொல்லும் கலையில் தமிழகத்துச் சிற்பிக்கு ஈடு இல்லை, அதில் ஐயமில்லை. ஆனால் யாருடைய கதை? அரியணையிலிருந்து புறப்பட்டு அரியணைக்கே திரும்பும் கதை.

நம் நெல்லைச் சீமைக்கு வாருங்கள். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே, நிலைதோறும் ஓவியங்கள். அற்புதமான மரச் செதுக்கல்கள். குதிரை ஏற்றி வந்த கப்பல் உண்டு. அணியணியாய்ப் படை உண்டு. 1532இல் விசயநகரத்து அச்சுதராயன் படைக்கும் திருவிதாங்கோட்டு மன்னன் படைக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த போரே அங்குத் தீட்டப்பட்டிருக்கிறது என்பர் ஆய்வாளர் சிலர். எந்தப் போராகவும் இருக்கட்டும். ஆற்றங்கரையில் இரு படைகள் மோதினால், அந்த ஆண்டு அக்கரையில் நாற்று நட்டவன் யார்? களத்து மேட்டில் நெல் குவிந்ததா, தலை குவிந்ததா? கோபுரம் ஏறிக் கேளுங்கள். சுவர் விடை சொல்லாது.

இராமநாதபுரத்து இராமலிங்க விலாசம் மற்றொரு சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துவிசய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய ஓவியங்கள். சேதுபதி படையும் தஞ்சை மராத்தியர் படையும் பொருதும் காட்சி ஒரு புறம். மன்னன் வேட்டையாடும் காட்சி, இசை கேட்கும் காட்சி, மகளிரோடு மகிழ்ந்திருக்கும் காட்சி மற்றொரு புறம். வேட்டையும் விருந்தும் போல் போரும் மன்னனின் பொழுதுபோக்குகளில் ஒன்று என்று அந்தச் சுவரே ஒப்புக்கொள்கிறது! ஓவியன் பொய் சொல்லவில்லை. அரண்மனையின் கண்ணுக்குப் போர் எப்படித் தெரிந்ததோ, அப்படியே தீட்டிவிட்டான்.

இன்னும் ஒன்று. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். அந்த வெற்றியைத் திப்பு, சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் வரையச் செய்தான். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது; வெள்ளைப் படை சிதறுகிறது; பெய்லி பல்லக்கில் ஒடுங்கிக் கிடக்கிறான். வெள்ளையன் தோற்ற காட்சி. பார்த்தால் நமக்கும் மகிழ்ச்சி பொங்குகிறது. ஆனால் அந்தப் போர் நடந்தது எந்த மண்ணில்? தமிழ் மண்ணில்! அந்தப் போராட்டத்தில் ஊர்கள் எரிந்தன, உழவர் ஓடினர், 1782இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியது. பசித்து வந்தவர்க்குக் கஞ்சி ஊற்ற அந்நகரில் தொட்டி வைத்தார்கள். ஸ்டான்லி மருத்துவமனை அந்தக் கஞ்சித்தொட்டிச் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான். போரின் ஓவியம் சீரங்கப்பட்டணத்துச் சுவரில் இருக்கிறது. போரின் உண்மை சென்னையின் கஞ்சித் தொட்டியில் இருந்தது. தொட்டியைத் தீட்டத்தான் எந்த மாளிகையும் சுவர் கொடுக்கவில்லை.

வெள்ளையன் மட்டும் வேறுவிதமா? 1799இல் திப்பு வீழ்ந்தான். மறு ஆண்டே, சீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய காட்சியை இராபர்ட் கெர் போர்ட்டர் மாபெரும் திரையாகத் தீட்டி, இலண்டன் மக்களுக்குக் காட்டினார். 1839இல் டேவிட் வில்கி, திப்புவின் உடலைக் கண்டெடுக்கும் தளபதியை விளக்கொளியில் நாயகனாக்கினார். சீரங்கப்பட்டணத்துச் சுவரில் சுல்தான் வென்றான். இலண்டன் திரையில் கும்பினி வென்றது. ஓவியன் மாறினான், நாடு மாறிற்று, நிறக்கலவை மாறிற்று. கண் மட்டும் மாறவில்லை. அது இரண்டு இடத்திலும் வென்றவன் கண்!

பகைவர்க்கு மட்டும் கண்ணீரா?

அரண்மனை ஓவியனுக்கும் நெஞ்சு உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்து கிடந்த சோழர் கால ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று முப்புரம் எரித்த கதை. தேர்மேல் சிவன், எதிரே அசுரர் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் உற்றுப் பாருங்கள். போருக்குப் பாயும் கணவரைப் பற்றிக்கொண்டு அசுர மகளிர் அழுகின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முன், இராசராசன் கட்டிய கோயிலில், பெயர் தெரியாத ஓவியன் ஒருவன் போரின் உண்மையை ஒரு மூலையில் தீட்டிவிட்டான்!

அதைப் போற்றும் வேளையிலேயே ஒரு கேள்வி எழுகிறது. அழுகிறவர் யார்? அசுரப் பெண்கள். நம்மைச் சேராதவர்கள், கதைப்படி அழிய வேண்டியவர்கள். ஈழத்துக்கும் கங்கைக்கும் கடாரத்துக்கும் படை சென்ற சோழ நாட்டில், வீடு திரும்பாத வீரனின் மனைவி அழுதிருக்க மாட்டாளா? உறையூரிலும் பழையாறையிலும் பிள்ளைகள் அப்பனைத் தேடியிருக்க மாட்டார்களா? அவர்களின் கண்ணீரைத் தீட்டினால் வெற்றியின் பளபளப்பு மங்கும். ஆகவே கண்ணீர் பகைவர் பக்கம் ஒதுக்கப்பட்டது. பகைவன் வீட்டில் அழுகை; நம் வீட்டில் ஆரத்தி!

இந்த இடத்தில் நம்மவர் சிலருக்கு என்மேல் சினம் வரக்கூடும். "கடாரம் கொண்டோம், கலிங்கம் வென்றோம் என்று மேடையில் முழங்குவது தமிழனின் மானத்தைத் தட்டி எழுப்பத்தானே? அதிலும் குறை காண்கிறாயா?" என்பர். ஆம், காண்கிறேன். பகுத்தறிவு, பிறர் வீட்டுப் பொய்யை மட்டும் உடைக்கும் கோடரி ஆகிவிடக் கூடாது. கலிங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதை வென்றவர் இருவர். முதலில் வென்றவன் அசோகன். ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தன் வெற்றியின் விலையைத் தானே கல்லில் வெட்டிவைத்தான். வருந்தினேன் என்றும் சேர்த்தே வெட்டினான். அவனும் அந்தக் கல்வெட்டைக் கலிங்கத்தில் மட்டும் வைக்கவில்லை என்பது வேறு கதை. அடிபட்டவன் முகத்துக்கு எதிரே நின்று அதைச் சொல்லத் துணிவு வரவில்லை போலும்! பல நூற்றாண்டு கழித்துக் கலிங்கத்தை வென்றது குலோத்துங்கன் படை. சயங்கொண்டார் பரணி பாடினார். களத்தில் கிடந்த பிணங்களைப் பேய்கள் கூழாய்க் காய்ச்சிக் குடித்து, வென்ற மன்னனை வாழ்த்தியதாய்ப் பாடினார். கவிதை என்ற வகையில் அது தமிழின் செல்வம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: அத்தனை பிணத்தையும் கண்ட கவியின் கண், அவற்றை விருந்தாக்கித்தானே காட்டிற்று? கூழ் காய்ச்சிய பேய்கள் நம் நினைவில் நிற்கின்றன. கூழுக்கும் வழியின்றிக் கலிங்கத்தில் மிஞ்சியிருந்த மனிதர் நிற்கவில்லை.

மண்ணில் இறங்கியவர்கள்

இனி மேல்நாட்டுக்குச் செல்வோம். அங்கு மட்டும் எல்லா ஓவியரும் உண்மை விளம்பிகளா? இல்லவே இல்லை! அங்கும் மன்னன் படத்துக்குக் கணக்கில்லை. ஸ்பெயின் நாட்டுக் கோயா, அரசவையின் தலைமை ஓவியர்; மன்னன் குடும்பத்தைப் பட்டும் பதக்கமுமாய்த் தீட்டியவர். 1808இல் நெப்போலியன் படை ஸ்பெயினுக்குள் புகுந்தது. ஊர் ஊராய்க் கொலை, பின்னாலேயே பஞ்சம். அரசவையில் தீட்டிய அதே கை, 1810 முதல் பத்தாண்டு அளவில், எண்பதுக்கு மேற்பட்ட செப்புத் தகட்டுப் படங்களைச் செதுக்கிற்று. மரத்தில் தொங்கும் உடல், துண்டான கை, பிணவண்டி, பசியால் சுருண்டு விழுந்த பெண். வீரன் இல்லை, வெற்றி இல்லை, இரு தரப்பும் கொல்கிறது, இரு தரப்பும் சாகிறது. ஒரு படத்தின் கீழே, இதை நானே கண்டேன் என்று பொருள்படக் குறித்தார். அந்தத் தொகுதியை வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை. 1828இல் மறைந்தார், தொகுதி வெளிவந்தது 1863இல். அரசனுக்கு வரைந்தது அரண்மனைச் சுவரில். உண்மைக்கு வரைந்தது பெட்டிக்குள்! ஒரே மனிதர், ஒரே காலம், இரண்டு கண்கள். காலந்தான் காரணம் என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

செர்மனி நாட்டுக் கேத்தே கோல்விட்சு என்ற பெண்மணியின் கதை நெஞ்சை உலுக்கும். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பதினெட்டு வயது மகன் பீட்டர் படையில் சேரத் துடித்தான். தந்தை மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி, தந்தையின் இசைவைப் பெற்றுத் தந்தவள் தாய். அக்டோபரிலேயே பெல்சியக் களத்தில் அவன் மாண்டான். அந்தத் தாய் பல்லாண்டு போராடி, "போர்" என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்களை உருவாக்கி, 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அந்த ஏழிலும் போர்க்களம் இல்லை! குழந்தையைப் பலிக்கு நீட்டும் தாய், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழும் பெற்றோர், விதவை, பிள்ளைகளை நடுவில் ஒளித்துக்கொண்டு அரணாய் நிற்கும் தாய்மார். பீரங்கியை வரையாமலே பீரங்கியின் முழு அளவையும் காட்டினார். 1933இல் ஆட்சிக்கு வந்த இட்லர் கூட்டம் அவரைக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றிற்று.

1937 ஏப்ரல் 26ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக் குவெர்னிக்கா என்ற சிற்றூரின்மேல் செர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. பாரிசில் இருந்த பிக்காசோ அதை நேரில் கண்டவர் அல்லர், செய்தித்தாளில் படித்தவர். அவர் தீட்டிய படமும் ஓர் அரசு கேட்டுத் தீட்டியதே. பாரிசுக் கண்காட்சியில் வைப்பதற்காக ஸ்பெயின் குடியரசு கேட்டது. ஆயினும் என்ன? அவர் தூரிகை விமானத்தில் ஏறவில்லை. எரியும் ஊருக்குள் இறங்கி நின்றது. இருபத்தைந்து அடி அகலத் திரையில் விமானமே இல்லை. செத்த குழந்தையை ஏந்தி அலறும் தாய் இருக்கிறாள். துடிக்கும் குதிரை இருக்கிறது. முறிந்த வாளோடு விழுந்தவன் இருக்கிறான். எங்கே நிற்பது என்பதை ஓவியனே தேர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று எது? கூலி வாங்குவது குற்றமில்லை. கண்ணை விற்பதுதான் குற்றம்.

சப்பானில் இரி மாருகி, தோசி மாருகி என்ற கணவனும் மனைவியும், அணுகுண்டு விழுந்த சில நாள்களில் இரோசிமாவுக்குள் சென்று கண்டதை 1950 முதல் பெருந்திரைகளாகத் தீட்டினர். முப்பதாண்டுக்கு மேல் உழைத்துப் பதினைந்து திரைகள். தம் மக்கள் வெந்ததை மட்டும் தீட்டி நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் நிற்கவில்லை. அங்கே மாண்ட அமெரிக்கச் சிறைக்கைதிகளை ஒரு திரையில் தீட்டினர். அடக்கம் செய்ய ஆளின்றிக் காகங்களுக்கு இரையான கொரியத் தொழிலாளரை 1972இல் மற்றொரு திரையில் தீட்டினர். தன் வீட்டு அழுகையையும் வரை, பகைவன் வீட்டு அழுகையையும் வரை, தன் நாடு செய்த கொடுமையையும் வரை! கண்ணீருக்குத் தாழ்வாரம் கட்டிப் பிரிக்காத கலை இது.

நம் மண்ணில் இல்லையா?

"இதெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு" என்போர் நடுகல்லைப் பார்க்கட்டும். செங்கம் பகுதியில் ஆநிரை காத்து மாண்டவர்க்கு ஊரார் நட்ட கற்கள் பல. உடலில் அம்பு தைத்தபடியே வீரனைச் செதுக்கிய கற்கள் உண்டு. பெயரும் இருக்கிறது, எதற்காக மாண்டான் என்பதும் இருக்கிறது. எடுத்தனூர்க் கல்லில், வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது! மன்னன் கட்டிய சுவரில் ஆயிரம் படைவீரர் பெயரின்றி நிற்கின்றனர். ஊர் நட்ட கல்லில் நாய்க்கும் பெயர் இருக்கிறது. மண்ணில் நின்று பார்த்த கண் நமக்கும் இருந்தது, தோழர்களே! அதைக் குத்திக் குருடாக்கியது கொற்றக்குடையின் கம்பு.

வங்கத்தைப் பாருங்கள். 1942இல் சப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பர்மா அரிசி நின்றது. பகைவன் கைக்குப் போய்விடும் என்று, கடலோர வங்கத்தின் படகுகளையும் நெல்லையும் வெள்ளை ஆட்சி அப்புறப்படுத்தியது. படைக்கும் போர்த் தொழில் நடந்த கல்கத்தாவுக்கும் முதலிடம். சிற்றூர் உழவனுக்குக் கடைசி இடம். விலை ஏறிற்று. 1943இலும் அதைத் தொடர்ந்தும் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் மாண்டனர். சோறு கேட்கக்கூட வாய் வராமல், வடித்த கஞ்சியாவது ஊற்றுங்கள் என்று கல்கத்தாத் தெருக்களில் கையேந்தினர். வங்கத்தில் அத்தனை பேரைக் கொன்றது துப்பாக்கி அன்று. ஆனாலும் அவர்களைக் கொன்றது போர்தான். சைனுல் ஆபிதீன், மலிவான தாளில் கரி மையால் அந்த எலும்புக் கூடுகளைத் தீட்டினார். சித்தபிரசாத் மேதினிபூர் ஊர்களில் நடந்தே சென்று, கண்டதை எழுதியும் வரைந்தும் "பசித்த வங்கம்" என்று பொருள்படும் நூலாக்கினார். ஐயாயிரம் படிகளை அரசு பறித்து எரித்தது. தாளில் தீட்டிய பட்டினியைக் கண்டு பேரரசு நடுங்கிற்று!

அந்த நடுக்கம் இன்றும் தீரவில்லை. 2003 பிப்ரவரியில், ஈராக்கின்மேல் போர் தொடுப்பது பற்றி ஐக்கிய நாட்டு அவையில் பேச வந்தார் அமெரிக்க அமைச்சர். செய்தியாளரைக் காணும் இடத்தில் தொங்கிய குவெர்னிக்காத் திரைச்சீலையை நீலத் துணியிட்டு மூடினர். தொலைக்காட்சிக்குப் பின்புலம் சரிப்படவில்லையாம்! வாள் ஏந்திய மன்னன் படமாக இருந்தால் மூடியிருப்பார்களா?

ஈழத்துக்கு வருவோம். 2009இல் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்கள் அரிசிக் கஞ்சியைக் குடித்து உயிரைப் பிடித்திருந்தனர். அதன் நினைவாக மே மாதந்தோறும் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். 2024 மே மாதம் சம்பூரில், அப்படிக் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டனர். கத்தி எடுத்ததற்கு அல்ல, அகப்பை எடுத்ததற்கு! கஞ்சிப் பானை ஒரு படம். கண்டவர் கேள்வி கேட்பர். ஆகவே அதை மறைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன், 2011இல் வெளிவந்த தம் நூலுக்கு முற்றுப்பெறாத "தோம்பு" என்று பொருள்படப் பெயரிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீடிழந்தவர்கள், தம் வீடு எப்படி இருந்தது என்பதை நினைவிலிருந்தே கோடு கோடாய் வரைந்தனர். இங்கே அடுக்களை, இங்கே கிணறு, இங்கே முற்றம். அவற்றோடு தம் ஓவியங்களையும் சேர்த்தார். பிணமும் இல்லை, குருதியும் இல்லை. வெறும் வீட்டுப் படம்! என் மாணவர் தாளில் வராத அந்த வீடு, அகதியின் தாளில் மட்டும் தவறாமல் வருகிறது.

நாம் வரையாதவை எத்தனை! சயாம் மரண ரயிலை நினையுங்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சப்பானியர் கொண்டுபோன பல்லாயிரம் தமிழர் அந்தக் காட்டில் காலராவிலும் பசியிலும் மாண்டனர். அங்கே கைதிகளாய் இருந்த ஆங்கில ஓவியர் ரொனால்ட் சேர்ல், ஜாக் சாக்கர் போன்றோர் உயிரைப் பணயம் வைத்துத் திருட்டுத்தனமாக வரைந்தனர். காலராவில் கிடந்தவரின் படுக்கைக்கு அடியில் படங்களை ஒளித்தார் சேர்ல். அதனால் வெள்ளைக் கைதியின் துயரை உலகம் கண்ணால் கண்டது. அவர்களைவிடப் பன்மடங்காய் மாண்ட ஆசியத் தொழிலாளரிடம் பென்சில் இல்லை, தாள் இல்லை. வெள்ளையர் வரைந்த படத்தின் ஓரத்தில் எங்கேனும் நம்மவன் முகம் வந்திருந்தால் உண்டு. ஓவியன் இல்லாத சாவு, சாவாகவே எண்ணப்படவில்லை!

எங்கள் ஊர்ப் பக்கத்திலே...

தொலைவில் ஏன் செல்ல வேண்டும்? எங்கள் சங்கரன்கோவிலுக்கு அருகே நெற்கட்டும்செவல். 1755இல் கர்னல் ஹெரான் படைக்குப் பணியாத பூலித்தேவன் மண். 1761இல் யூசுப்கான் கைக்கு அக்கோட்டை வீழ்ந்தது. 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையும் வீழ்ந்தது. பீரங்கி உடைத்த மதிலை அடைத்துக்கொண்டே மடிந்த மறவர் உறுதியை, எதிரே நின்ற வெள்ளையரே வியந்தனர். பூலித்தேவனுக்கு என்ன ஆயிற்று? கைதாகிச் சென்ற வழியில் சங்கரன்கோவில் கோயிலுக்குள் வணங்கப் புகுந்தான், விலங்கு தெறித்தது, சோதியில் கலந்தான் என்று கதை வழங்குகிறது. என்ன அழகான ஓவியம்! ஆனால் இதுவும் ஒரு திரைச்சீலைதான். பிடிபட்ட வீரனைப் பகைவன் என்ன செய்தான் என்ற கேள்வியை அந்தச் சோதி மூடிவிடுகிறது. அவனோடு மாண்டவர்க்குச் சோதியும் இல்லை, சுவரும் இல்லை. மதிலை அடைக்க மண் சுமந்தவள் யார்? கோட்டை வீழ்ந்த மறுநாள் உலை வைத்தவள் யார்? எந்தப் படத்திலாவது அவள் உண்டா?

"இப்படியெல்லாம் காட்டினால் இளைஞன் கோழையாகிவிடுவான்" என்பர். ஆவானா? வெள்ளையனை எதிர்த்த போர் நியாயமானது. நியாயமான போரிலும் குருதி கசியும். நியாயமான வெற்றிக்குப் பின்னும் விதவை இருப்பாள். விலை தெரிந்தவன்தான் உரிமையை உறுதியோடு காப்பான். விலை தெரியாதவன் பிறர் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மேடையில் முழங்குவான். மகனை அனுப்பிவிட்டு ஏழு படம் செதுக்கிய தாயைக் கோழை என்பீர்களா?

ஆகவே தோழர்களே, இளைஞர்களே! இனி ஒரு போர்ப் படத்தைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். வரைந்தவன் எங்கே நின்றான்? வரையச் சொன்னவன் யார்? படத்தில் இல்லாதவர் யார்? நினைவு மண்டபத்துச் சுவரானாலும், மாநாட்டுப் பந்தலின் தட்டியானாலும், நம் கட்சிக்காரன் வரைந்ததேயானாலும் கேளுங்கள். பள்ளி ஓவியப் போட்டியில் "போர்" என்று தலைப்புக் கொடுக்கும் ஆசிரியத் தோழர்களே, அதனருகில் "போர் முடிந்த மறுநாள்" என்று இன்னொரு தலைப்பையும் கொடுங்கள். தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்களே, 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பம் உங்கள் தெருவில் இருக்கலாம். சயாமுக்குப் போய் வராதவனின் பேரன் உங்கள் அண்டை வீட்டில் இருக்கலாம். ஈழத்து அகதி முகாம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கலாம். சென்று கேளுங்கள்; கேட்டதை வரையுங்கள்.

வாளை வரைந்த சுவர்கள் போதும். அவற்றை இடிக்கச் சொல்லவில்லை, அவையும் நம் கலைச்செல்வம். ஆனால் அடுத்த சுவரை வாளுக்குக் கொடுக்காதீர்கள். கஞ்சிக் கலயத்தோடு வரிசையில் நிற்கிறாளே ஒரு கிழவி, ஆயிரம் ஆண்டாய் நிற்கிறாளே, அவளுக்குக் கொடுங்கள்!